"வருமான" என்ற சொல் எங்கே போனது?

"அமெரிக்காவில் பாதிப்பேர் வரியே கட்டுவதில்லை. பணக்காரன் கட்டுகிறான், மற்றவன் இருந்து சாப்பிடுகிறான்."

இந்தக் கதை இப்போது தமிழிலும் சுற்றுகிறது. நன்றாகப் படித்தவர்களே நிரூபிக்கப்பட்ட கணக்கு மாதிரிப் பகிர்கிறார்கள். கணக்கு என்றால் கணக்காகவே பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2012 மே மாதம். ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட மிட் ரொம்னி, புளோரிடாவில் பணக்காரர்களிடம் தேர்தல் நிதி திரட்டும் ஒரு தனிப்பட்ட விருந்தில் பேசினார். 47 வீதமானோர் வருமான வரி கட்டுவதில்லை, அவர்கள் அரசை நம்பி வாழ்பவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது என் வேலை அல்ல என்ற கருத்தில் பேசினார். செப்டெம்பரில் அந்தக் காணொளி வெளியே வந்தது. அவருக்கு அது பெரிய அடி.

ரொம்னி சொன்னது "வருமான வரி". கைமாறிக் கைமாறி வந்ததில் "வருமான" விழுந்துவிட்டது, "வரி" மட்டும் மிஞ்சியது. மோசடி முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

வொஷிங்டனில் உள்ள சமஷ்டி அரசுக்கு வரும் பணம் வருமான வரி மட்டும் அல்ல. 2023 நிதியாண்டில் சுமார் 4.4 ட்ரில்லியன் டொலர் வந்தது. அதை நூறு டொலராக எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் வருமான வரி 49 டொலர். கம்பனிகளின் வரி 10 டொலருக்கும் கொஞ்சம் குறைவு. 36 டொலர் சம்பளத்தில் நேரடியாக வெட்டப்படும் சமூகப் பாதுகாப்பு, மெடிகெயார் போன்ற வரிகள். மிகுதி சுங்கம், எரிபொருள் வரி போன்றவை.

அந்த 36 டொலரைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

அந்தச் சம்பள வரிக்கு விலக்கு வரம்பு கிடையாது. முதல் டொலரில் இருந்தே வெட்டு. தொழிலாளியிடம் 7.65 வீதம், தொழில்தருநரிடம் இன்னொரு 7.65 வீதம். அந்த இரண்டாவது பாதியும் கடைசியில் தொழிலாளியின் சம்பளத்தைக் குறைத்தே ஈடுசெய்யப்படுகிறது என்பதே பொருளியலாளர் பலரின் கருத்து.

ஓர் உதாரணம். 2024இல் கடையொன்றில் வேலை செய்து வருடம் 14,000 டொலர் உழைக்கும், பிள்ளைகள் இல்லாத 22 வயது இளைஞன். வருமான வரியின் விலக்கு எல்லை 14,600 டொலர் என்பதால் அவனுக்கு வருமான வரி பூச்சியம். சம்பள வரி 1,071 டொலர். 25 வயதுக்குக் கீழே, பிள்ளையும் இல்லை என்பதால் உழைப்பாளர் வரிச் சலுகையும் அவனுக்குக் கிடையாது. நண்பரின் பதிவில் இவன் "வரி கட்டாத பாதி"யில் ஒருவன். கையில் இருந்து போன 1,071 டொலர் எந்தக் கணக்கில்?

இனி மேலே பாருங்கள். சமூகப் பாதுகாப்பு வரிக்கு உச்சவரம்பு உண்டு. 2024இல் 168,600 டொலர் சம்பளம் வரைதான் வெட்டு. வருடம் பத்து இலட்சம் டொலர் சம்பளம் வாங்குபவருக்கு மார்ச் பிறக்கும்போதே அந்த 6.2 வீத வெட்டு நின்றுவிடும். 60,000 டொலர் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு டிசம்பர் கடைசிச் சம்பளம் வரை வெட்டுவார்கள்.

"அது வரி அல்ல, ஓய்வூதியச் சேமிப்பு. நம்ம ஈ.பி.எப். மாதிரி" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். இல்லை சகோதரரே. ஈ.பி.எப்.இல் உங்கள் பெயரில் கணக்கும் மீதியும் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையாது. அதை வரி என்று ஏற்றுத்தான் 1937இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1960இல் நெஸ்டர் என்பவரின் வழக்கில், கட்டியவருக்கு ஒப்பந்த உரிமை எதுவும் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 19 வருடங்கள் கட்டிய மனிதர் அவர். நாடுகடத்தப்பட்டதும் கொடுப்பனவை நிறுத்தினார்கள், நீதிமன்றம் அது சரி என்றது.

அப்படியென்றால் அந்த "47 வீதம்" யார்? வொஷிங்டனின் வரிக் கொள்கை மையம் 2011ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டில் வருமான வரி கட்டாத குடும்பங்கள் நூற்றுக்கு 46. அதில் 28 குடும்பங்கள் சம்பள வரி கட்டுகின்றன, அதாவது வேலை செய்கின்றன. ஏறத்தாழ 10 குடும்பங்கள் முதியவர்கள். 7 குடும்பங்கள் வருடம் 20,000 டொலரும் இல்லாதவர்கள். மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்று. இருந்து சாப்பிடும் பாதி நாட்டை இதில் எங்கே தேடுவது?

இவர்களை வருமான வரியில் இருந்து விடுவித்தது யார்? உழைப்பாளர் வரிச் சலுகையை 1975இல் கையெழுத்திட்டவர் ஜெரால்ட் ஃபோர்ட். 1986இல் அதை விரிவாக்கி, இலட்சக்கணக்கான ஏழைகளை வருமான வரியில் இருந்து விடுவித்தவர் ரீகன். பிள்ளைகளுக்கான சலுகையை 500 டொலரில் இருந்து 1,000 ஆக்கியது புஷ் காலத்துச் சட்டம், 2,000 ஆக்கியது ட்ரம்பின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். நால்வரும் ரொம்னியின் கட்சிக்காரர்களே. சலுகையைக் கொடுத்து வாக்கையும் வாங்கி, பிறகு சலுகை பெற்றவனைச் சோம்பேறி என்பது எந்த ஊர் நியாயம்?

எதிர்த்தரப்பின் உண்மையையும் மறைக்கத் தேவையில்லை. 2022இல் உச்சியில் உள்ள ஒரு வீதத்தினர் சமஷ்டி வருமான வரியில் 40 வீதம் கட்டினார்கள். அவர்களுடைய வருமானப் பங்கு 22 வீதம். பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகத் திரும்பக் கிடைப்பதும் உண்மை. எல்லா வரியையும் கூட்டினாலும், மேலே போகப் போக வீதம் பொதுவாகக் கூடத்தான் செய்கிறது.

ஆனால் உச்சியின் உச்சிக்குப் போனால் கதை மாறுகிறது. 2011இல் வொரன் பஃபெட் தானே எழுதினார்: தான் கட்டியது வரிக்குரிய வருமானத்தில் 17.4 வீதம், தன் அலுவலகத்தில் இருந்த மற்ற 20 பேரும் கட்டியது சராசரி 36 வீதம். சம்பள வரியையும் சேர்த்த கணக்கு அது. 2021இல் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் வரி ஆவணங்களைப் பார்த்து எழுதியது: 25 மிகப் பெரிய பணக்காரர்களின் சொத்து 2014 முதல் 2018 வரை 401 பில்லியன் டொலர் வளர்ந்தது, அதே காலத்தில் அவர்கள் கட்டிய சமஷ்டி வருமான வரி 13.6 பில்லியன். 3.4 வீதம்.

பங்கின் விலை ஏறுவது வருமானம் அல்ல, விற்றால்தான் வரி என்பார்கள். சட்டப்படி சரி. அதனால்தான் அவர்கள் விற்பதில்லை. பங்கை ஈடுவைத்துக் கடன் வாங்கி வாழ்கிறார்கள். இறந்தபின் வாரிசுக்கு அன்றைய விலையே தொடக்க விலையாகிவிடும், அதுவரை ஏறிய இலாபத்துக்கு வருமான வரி ஒருபோதும் இல்லை. 22 வயதுப் பையனுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறதா? சம்பளம் கைக்கு வரும் முன்பே அவனிடம் வெட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. ஆவணம் இல்லாத குடியேறிகள். அவர்கள் 2022இல் சமஷ்டி அரசுக்குக் கட்டியது 59 பில்லியன் டொலருக்கு மேல் என்று வரி, பொருளாதாரக் கொள்கை நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 25 பில்லியனுக்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரி. ஆவணம் இல்லாதவரை அந்த ஓய்வூதியத்தில் ஒரு சதமும் அவர்களுக்குக் கிடைக்காது. தின்பவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு.

கடைசியாக, நம்மைத் தொடும் ஒரு வரி. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதச் சுங்கம் என்று அறிவித்தார்கள், ஆகஸ்டில் அது 20 வீதமானது. "இலங்கை கட்டும்" என்று பலர் நினைத்தார்கள். துறைமுகத்தில் அதைக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஒரு பகுதியை அவர் கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் தைப்பவர்களின் தலையில் கட்டப் பார்ப்பார். மிகுதி சட்டை விலையில் ஏறும். அதே கடைப் பையனும் அந்தச் சட்டையை வாங்குவான். அதுவும் சமஷ்டி வரிதான், அவனும் கட்டியவன்தான்.

எனவே அடுத்த முறை யாராவது "பாதிப்பேர் வரி கட்டுவதில்லை" என்றால் சண்டை பிடிக்காதீர்கள். "எந்த வரி?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே கொண்டுவந்து போடுங்கள், பேசுவோம்.