புதுமைச் சொல்லும் பழைய லயமும்

புதுமை, முன்னேற்றம், முற்போக்கு, தொலைநோக்கு, நவீனம் - இச்சொற்களுக்கு நம் தோட்டங்களில் பஞ்சமே இல்லை. ஆபீசு அறிவிப்புப் பலகையில் உண்டு. தேர்தல் மேடையில் உண்டு. திருவிழாத் துண்டறிக்கையில்கூட உண்டு. இவற்றை நாம் பகைக்கவில்லை. ஆனால், சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்று தோழர்கள் கேட்டுப் பழக வேண்டும்.

'புது' என்ற சொல் இந்த நாட்டில் பட்ட பாட்டைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டில் அவசர காலம் பிறந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த சுமார் 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, பெயர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'புதுக்கிராமம்'. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். வேலியும் காவலும் ஊரடங்கும் புதியவைதாம், மறுப்பதற்கில்லை!

அடுத்து வந்தது தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் வியாபாரம். மலாயாப் பல்கலைக்கழகத்து உங்கு அப்துல் அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்ததை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் ஆங்கிலத் தலைப்பிலே இருப்பது 'உட்பிரிவு' என்று பொருள்படும் சொல். நம்மவர் அப்படிச் சொல்லவில்லை. 'துண்டாடல்' என்றார்கள். அந்த ஒரு சொல்லில் கத்தியும் தெரிந்தது, வெட்டுப்பட்டவனும் தெரிந்தான். வேலையும் வீடும் போனவன் வாயிலிருந்து பிறந்த சொல்லுக்கு அத்தனை தெளிவு!

அதற்கு மாற்றாக 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் வெட்டுகிறவன் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தான். 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளியின் காசில் தோட்டம்! இதுவன்றோ புதுமை. அதற்குப் பெரிய சொல் எதுவும் தேவைப்படவில்லை. பெயரிலேயே நிலமும் நிதியும் கூட்டுறவும் இருந்தன.

மரத்திலும் புதுமை உண்டு. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் 600-ஆம் எண் ஒட்டுமரம், பழைய விதைக்கன்று மரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பால் தந்தது. பின்னர் பட்டையில் தடவும் எத்திபோன் மருந்தும் வந்தது; வெட்டும் நாளைக் குறைத்தும் பால் எடுக்கலாம் என்றார்கள். நல்ல விஞ்ஞானம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் பால் கூடினால் எந்த அளவுக்கு மேல் 'கூடுதல் பால்', அதற்கு என்ன காசு என்பது மரம் சொல்வதில்லை. அது பேச்சுவார்த்தை மேசையிலே தீருகிற கணக்கு. மருந்துக்குத் தேதி குறிக்கும் அறிவிப்பு, காசைப் பற்றி வாய் திறவாமல் இருப்பதும் உண்டு.

1991-இல் '2020 தொலைநோக்கு' பிறந்தது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. இப்போது நம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஒன்றரை இலட்சம் எக்டருக்கு மேற்பட்ட பரப்புக்கு 'மலேசியத் தொலைநோக்குப் பள்ளத்தாக்கு' என்று பெயர். சுவா இருப்பதும் போர்ட்டிக்சன் மாவட்டத்திலேதான். தொலைவை நோக்குகிறவர்கள், பக்கத்திலிருக்கும் லயத்தையும் ஒரு தடவை நோக்கினால் நல்லது.

கிராணி வேலை பார்க்கும் நமக்கு இந்த அறிவிப்புகளில் வரும் வினைச்சொற்கள்மீது ஒரு கண். 'மேம்படுத்தப்படும்', 'நவீனமாக்கப்படும்', 'மறுசீரமைக்கப்படும்'. எல்லாம் 'படும்'. செய்கிறவர் எங்கே? பள்ளிக்கூடத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் எழுதினால் வாத்தியார் காதைத் திருகுவார். நிர்வாகத்துக்கு அந்தப் பயம் இல்லை. செக்ரோலில் இப்படி எழுத முடியுமா? யார், எந்த நிரை, எத்தனை நாள், எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும்.

'மறுசீரமைப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஆட்குறைப்பு இருந்தால், 1980-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி இழப்பீடு உண்டு: 2 ஆண்டுக்குக் கீழ் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். சொல் எத்தனை இனிப்பாக இருந்தாலும் இந்த எண் மாறாது. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வந்ததும் எண்தான். அதனால் பெரட்டில் நின்று கேட்டவருக்கும் அது உடனே விளங்கிற்று.

சங்க மேடையிலும் சிலர் 'முற்போக்குச் சிந்தனை' என்று மூச்சுக்கு மூச்சு முழங்குகிறார்கள். லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொன்னால் தலைப்பை மாற்றுகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விதான்.

ஆகவே, தோட்டத்தில் 'மேம்பாடு' என்று எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போடுமுன் கிளைக் காரியதரிசியிடம் காட்டுங்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள். வீட்டுச் சாவி எந்தத் தேதியில், வீடு யார் பேரில், தமிழ்ப்பள்ளி நிலமும் கோயில் நிலமும் எந்த வரைபடத்தில் என்று மூன்று கேள்வியை எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்திலே வாங்குங்கள். பதில் வரும்வரை பேனா சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.