வாடகைக் குழலும் வாசலில் நின்ற பறையும்

திருவிழாக் காலம் நெருங்கும்போதெல்லாம் வடசென்னைப் பங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இந்த ஆண்டு என்ன பேண்டு?" கொடியேற்றத்திற்கும் தேர்ப்பவனிக்கும், வசதி படைத்தோர் இல்லத் திருமணங்களுக்கும், கட்டம்போட்ட பாவாடையும் இறகு செருகிய தொப்பியும் அணிந்த பைக்குழல் குழுவை வாடகைக்கு அமர்த்துவது பெருமைக்குரிய வழக்கமாகி வருகிறது. பேக்பைப்பர் வந்தால்தான் விழா களைகட்டும் என்கிறார்கள். இவ்வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். ஆனால் பலர் எதிர்பார்க்கும் காரணத்திற்காக அன்று.

அந்நிய வாத்தியம், ஆகவே ஆகாது என்போருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆர்மோனியமும் வயலினும் கிளாரினெட்டும் எங்கிருந்து வந்தன? தோற்பையில் காற்றடைத்து ஊதும் முறை ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரியதுமன்று. தென்னாட்டிலேயே சுருதி உபாங்கம் என்ற பெயரில் சுருதி சேர்க்கும் பைக்குழல் இருந்தது. நாகசுரத்திற்கு ஒத்து எவ்வாறு துணை நிற்கிறதோ, அவ்வாறே ஸ்காட்லாந்துக் கருவியின் தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்களும் இடையறாது சுருதியை ஒலித்து நிற்கின்றன.

அக்கருவியின் வரலாறும் ஆண்டைகளின் வரலாறு அன்று. 1746-இல் ஆங்கில அரசுக்கு எதிரான கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, ஜேம்ஸ் ரீட் என்ற குழலிசைஞர் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். தாம் ஆயுதம் ஏந்தவில்லை, குழல் மட்டுமே ஊதினோம் என்ற அவரது வாதம் எடுபடவில்லை. குழலும் போர்க்கருவியே என்று தீர்ப்பாயிற்று. தோற்றவர்களின் அந்தக் குழலைப் பின்னர் பேரரசே தன் படைக்கு எடுத்துக்கொண்டது. 1854-இல் பிரித்தானியப் படை குழலிசைஞர்களுக்கு முறைப்படி இடமளித்தது. அப்படைகளின் வழியாகவே அது இந்தியாவுக்கு வந்தது. இன்றும் நம் இராணுவப் படைப்பிரிவுகளில் ஒலிக்கிறது. எல்லைக்கு அப்பால் சியால்கோட் நகரத்துப் பட்டறைகள் அதை உலகெங்கும் அனுப்புகின்றன. ஒரு மக்களின் துயரத்தையும் வீரத்தையும் சுமந்த கருவி அது. இறந்தோருக்காக இரங்கல் இசைப்பது அதன் பழம்பெரும் கடமைகளுள் ஒன்று.

அத்தகைய கருவியை நாம் என்ன செய்திருக்கிறோம்? அண்மையில் நாம் கண்ட ஒரு பவனியில் எட்டு இளைஞர்கள் பைக்குழல் ஏந்தி வந்தனர். ஊதியவர் இருவரே. மற்ற அறுவரும் கன்னத்தை உப்பவைத்து நடந்தனர். அவர்களைப் பழிக்க நமக்கு மனமில்லை. ஒரு மாலைக் கூலிக்கு உடை மாட்டி நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அவர்கள். குழல் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. அவர்கள் கற்க வேண்டுமென்று பணம் கொடுத்தவர்களும் விரும்பவில்லை. எண்ணிக்கை போதும், உடை போதும், புகைப்படம் போதும்!

பைக்குழல் ஒரு மாலையில் வருவதன்று. தொடங்குவோர் பையைத் தொடுவதே இல்லை. பயிற்சிக் குழல் என்ற சிறு கருவியில்தான் மாதக்கணக்கில் விரல் பழக வேண்டும். அதில் கிடைப்பவை ஒன்பது சுரங்கள். ஊதத் தொடங்கினால் ஒலி நிற்காது. ஒரே சுரத்தை இருமுறை இசைக்க வேண்டுமாயின், இடையே மின்னல்போல் வேறொரு சுரத்தைத் தொட்டே பிரித்துக்காட்ட வேண்டும். உரக்கவும் மெல்லவும் வாசிக்கும் வசதியும் இல்லை, உணர்வனைத்தும் விரலில்தான். அதன்பின்னரே பை. மூச்சு வாங்கும் நொடியில் முழங்கையின் அழுத்தம் குறையாதிருக்க வேண்டும். குறைந்தால் சுருதி சரியும். சீவாளியைப் பதப்படுத்துவதும் நாகசுரக்காரர் நன்கறிந்த தொல்லையே. நம் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கும் காசிமேட்டு மீனவரின் மகளுக்கும் இது எட்டாத வித்தையா? கற்பிக்க ஆளிருந்தால் எட்டும்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தல் திருச்சபைக்குப் புதிதும் அன்று. தூரின் நகரின் தெருச் சிறுவர்களைக் கூட்டிய தொன் போஸ்கோ, தொழிற்கல்வியோடு பேண்டு இசையையும் சேர்த்தே அளித்தார். திருச்சிராப்பள்ளியில் 1977-இல் தொடங்கப்பட்ட கலைக்காவிரி நம் கண்முன் நிற்கிறது. இராயபுரத்தின் புனித இராயப்பர் ஆலயமே அலைகடந்து படகோட்டிய உழைப்பாளிகள் எழுப்பிய கோயில்தானே! தம் கையால் கோயில் கட்டியவர்களின் வழிவந்தோர், தம் பவனிக்கு இசையை மட்டும் வாடகைக்கு எடுப்பது என்ன முறை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் குழலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. கூலிக்கு வரும் பைக்குழலுக்குக் கோயில் முற்றத்தில் நாற்காலி போடும் நாம், நம் பங்கிலேயே பிறந்த பறைக் கலைஞனை எங்கே நிறுத்தினோம்? சாவு மேளம் என்றோம். தெருமுனையோடு நிறுத்தினோம். அக்கருவியைச் சாதியின் இழிவாக்கி அவன் தோளில் மாட்டினோம். ஸ்காட்லாந்துக்காரனின் இறப்பு இசை நமக்கு மங்கலமாம், நம் சகோதரனின் இறப்பு இசை தீட்டாம்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் தக்க இடமும் அளிக்கக் கேட்கிறது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1903-இல், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோயிலுக்குள் பேண்டு வாசிப்பைத் தடைசெய்து, வெளிப்பவனியில் ஆயரின் இசைவுடன் இடமளித்தார். உலகியல் பாட்டுகள் கூடா என்ற நிபந்தனையோடு. நம் தேருக்கு முன்னே ஒலிக்கும் திரைப்பாடல்களை நினைத்தால் சிரிப்பதா அழுவதா?

செலவுக்கு எங்கே போவது என்று பங்குப்பேரவையினர் கேட்பர். ஆண்டுதோறும் ஓரிரவு வாடகைக்கும் வாணவேடிக்கைக்கும் போகும் தொகையிலிருந்துதான். பயிற்சிக் குழலின் விலை முழுக்கருவியின் விலையில் சிறு பங்கே. ஓய்வுபெற்ற இராணுவ இசைஞர் ஒருவரைத் தேடிப்பிடித்து மூன்றாண்டு ஊதியம் தரட்டும். அதே கூடத்தில் பறைக்கும் ஓர் ஆசான் அமரட்டும். இருவருக்கும் ஒரே ஊதியம், ஒரே பந்தியில் உணவு. கருவிகள் பங்கின் உடைமையாக இருக்கட்டும்.

அவ்வாறு உருவாகும் குழு முதலில் இசைக்க வேண்டிய இடம் தேர்ப்பவனி அன்று. ஆலையில் உழைத்து நுரையீரல் கெட்டு மாண்டவனின் உடல், பேண்டு வைக்க வழியின்றி, நான்கு பேர் தோளில் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிறதே, அதன் முன்னே போகட்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.