பெட் ஸ்கேனும் வேண்டும், பருப்பும் வேண்டும்

காசநோய் என்று பேச்செடுத்தால் நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். புதுக் கருவிகள் வந்துவிட்டன, இனி நோய் தப்பாது என்பது ஒரு கட்சி. ஏழைகளின் நோய்க்குக் கோடி ரூபாய் இயந்திரம் எதற்கு, சோறு போட்டால் போதும் என்பது இன்னொரு கட்சி. விழுப்புரம் மாவட்டம் பனமலையின் காலனியில் வளர்ந்த எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. முதல் கட்சிக்குச் சாதி தெரியவில்லை. இரண்டாவது கட்சியோ, உயர்ந்த மருத்துவம் வசதியுள்ளவர்களுக்குத்தான் என்பதைச் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

பெட் சிடி ஸ்கேன் என்பது அணு மருத்துவத்தின் கருவி. குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சுகிறதோ, அந்த இடம் படத்தில் ஒளிரும். புற்றுநோய்க் கட்டி ஒளிரும். காசநோய்க் கிருமியோடு உடம்பு போராடும் இடமும் ஒளிரும். நுரையீரலில் மட்டும் நோய் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் போதும். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, வயிறு என்று நோய் ஒளிந்திருக்கும்போதுதான் இந்த ஸ்கேன் கைகொடுக்கிறது. எந்த இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தால் விடை கிடைக்கும் என்று காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் ஒளிர்வது காசநோயா, புற்றுநோயா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்தபின் எடுக்கும் படமும் குழப்பும். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாத மருந்து முடித்துக் குணமானவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் அப்போதும் ஒளிரும் இடங்கள் இருந்தன. படத்தைச் சரியாக வாசிக்க மருத்துவரும், உறுதிசெய்ய ஆய்வகமும் வேண்டும்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. பல்லவர் ஓவியத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் ஏறி இறங்கும் மலை எங்களுடையது. அதன் கீழே களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த என் சின்னம்மாவுக்கு நான்கு மாதம் மாலைக் காய்ச்சல். உடம்பு பாதியாக இளைத்தது. சளியில் ஒன்றும் இல்லை என்றார்கள். தனியார் கிளினிக் ஒன்றில் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றியே காலத்தை ஓட்டினார்கள். கடைசியில் வெளியூரில் ஒரு தனியார் மையத்தில் பெட் ஸ்கேன். அதற்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டு ஆடுகளை விற்றோம். மீதிக்கு, யார் நிலத்தில் வேலை செய்தாரோ அவரிடமே கடன். மார்பிலும் வயிற்றிலும் கட்டிகள் ஒளிர்ந்தன. புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் சதைப் பரிசோதனை செய்த பிறகுதான் காசநோய் என்று தெரிந்தது. மருந்து இலவசம், சின்னம்மா பிழைத்துக்கொண்டார். கடனை அடைக்க மட்டும் மருந்து சாப்பிட்ட காலத்தைவிட அதிக நாளானது.

அந்த ஸ்கேன் வீண் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே சதை எடுப்பது என்று காட்டியதே அதுதான். அதை அவர் கடன் வாங்கி எடுக்க வேண்டியிருந்ததுதான் அநியாயம். ஃபுளோரின்-18இன் வீரியம் ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், அதைத் தயாரிக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே இந்த இயந்திரங்கள் நகரங்களில் குவிகின்றன. எங்களுக்கு அருகில் அணு மருத்துவத் துறை இருப்பது புதுச்சேரி ஜிப்மரில். இயந்திரம் ஊருக்கு வர முடியாதென்றால், நோயாளியை அங்கே கொண்டுபோகும் பொறுப்பு அரசுடையது.

இப்போது சோற்றுக்கு வருவோம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல உணவு கொடுத்தவர்களைப் போலவே, நெரிசலான வீட்டில் அரைவயிற்றோடு மருந்து சாப்பிட்ட ஏழைகளும் குணமானார்கள் என்று அது காட்டியது. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அது விடுதலை. ஆனால் மருந்து போதும், உணவு இரண்டாம்பட்சம் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஊன்றிவிட்டது.

அந்த ஆய்வை நடத்திய மையத்தின் இன்றைய வடிவமான சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு 2023இல் வெளியானது. ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கும் வீட்டிலிருந்தவர்களுக்கும் அரிசி, பருப்பு எனக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழியில் நடக்கிறது. எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தராசும் ஆக்சிமீட்டரும் போதும், உயிர் பிழைக்கிறது.

யார் உடம்பு மெலிந்திருக்கிறது என்பது இந்த நாட்டில் தற்செயல் அல்ல. வானூர்க் கல்குவாரித் தூசியில் நிற்பது யார்? செங்கல் சூளையில் குடும்பத்தோடு படுத்துறங்கும் இருளர்கள் யார் கடனுக்காக அங்கே கிடக்கிறார்கள்? கல்தூசி நுரையீரலை அரித்தால் காசநோய் எளிதாகப் பிடிக்கும். பசியும் நெரிசலும் அதற்குப் பாய் விரிக்கும். கிருமிக்குச் சாதி இல்லைதான். அது நுழையும் வாசல்களைச் சாதி திறந்துவைத்திருக்கிறது.

ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளிக்குத் தருகிறது. உணவுப் பொட்டலத்துக்கோ 'நிக்‌ஷய் மித்ரா' என்று கொடையாளர்களைத் தேடுகிறது. யாரோ மனமிரங்கித் தத்தெடுத்தால் பருப்பு வரும் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடுதான். அதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. அரசு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பெட் ஸ்கேன் இலவசமாக வேண்டும், போக வரச் செலவும் அன்றைய கூலியும் சேர்த்து. காலனிக்கும் சூளைக்கும் குவாரிக்கும் எக்ஸ்ரே வண்டி தேடி வர வேண்டும். நோய் உறுதியான நாளிலிருந்து குடும்பம் முழுமைக்கும் ரேஷன் கடை வழியாகவே கூடுதல் உணவு வேண்டும். காசநோய் இறப்புக் கணக்கைச் சாதிவாரியாக அரசு வெளியிட வேண்டும். உங்கள் ஊர் கிராமசபையில் இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், தோழர்களே. எடை பார்க்கும் தராசிலிருந்து பெட் ஸ்கேன் வரை மருத்துவம் முழுவதும் எங்களுக்கும் உரியதுதான்.