சாமி துரையைச் சுமந்தவர்கள்

கண்டிக்கு வரும் சுற்றுலாப் பயணி எங்கெங்கே போவார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயம். காலையில் தலதா மாளிகை, வெயில் ஏறுமுன் வாவிக்கரை, பிறகு பேராதனைப் பூங்கா, பிற்பகலில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம், மறுநாள் எல்லவுக்கு ரயில். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்த நகரம் அரசர்களின் கதையையும் துரைமாரின் கதையையும் வந்தவர்களுக்கு நன்றாகவே சொல்கிறது. ஆனால் சுற்றிலும் தெரியும் மலைகளைக் காடு வெட்டிக் கோப்பி நட்டு, கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டு, இன்றுவரை கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் மக்களின் வரலாறு அந்தப் பயணத்தில் உரிய இடம் பெறுவதில்லை. கண்டியின் சுற்றுலா இந்தக் குறையைத் திருத்திக்கொள்ள வேண்டும். அது மலையகத் தமிழருக்குச் செய்யும் சலுகை ஆகாது. ஊரின் கதையை உண்மையாகச் சொல்வதற்கு அது தேவை.

ஜேம்ஸ் டெய்லரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்தவர். தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என்று அழைத்தார்கள். 1892 மே மாதம் அவர் இறந்தபோது, பருத்த அந்த உடலைக் கண்டி மஹியாவ மயானத்துக்குச் சுமந்துவர 24 பேர் தேவைப்பட்டார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத் தோள் மாற்றி மலைப்பாதையில் இறக்கினார்கள், தோட்டத்துச் சனம் பின்னால் நடந்து வந்தது. டெய்லரின் கல்லறையில் தேயிலையின் முன்னோடி என்று பொறித்திருக்கிறது. அது உண்மைதான், அவருக்கு அந்தப் பெருமை உரியது. ஆனால் அந்த 24 பேரில் ஒருவருடைய பெயரையாவது மஹியாவவுக்கு வருகிற பயணி அறிவதற்கு வழியில்லை. ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகமும் முதன்மையாக இயந்திரங்களையும் டெய்லர், லிப்டன் ஆகியோரின் நினைவுகளையுமே காட்டுகிறது. கொழுந்து உலர்ந்து, உருண்டு, நொதித்து, வறுபட்டுத் தூளாகும் வேலை அங்கே தெளிவாக விளங்கும். அந்தக் கொழுந்து யார் கையிலிருந்து வந்தது என்பதற்கும் அதே தெளிவு வேண்டும்.

பெயரில்லாமல் போனது தற்செயலாக நடந்ததில்லை. 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரவில்லை தொங்கியது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் ஆளைக் குறிக்கும் இலக்கமும் அதில் வெட்டப்பட்டிருந்தன. வழி நெடுகிலும் அந்த இலக்கம்தான் ஆள். தோட்டத்தில் கங்காணியின் கணக்கு, காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர்போடும் புத்தகம், கடனோடு ஆளைக் கைமாற்றும் ‘துண்டு’ என்று பதிவுகளுக்குக் குறைவில்லை. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வேலை வாங்குவதற்காக எழுதிவைத்த அந்த ஏடுகளில் மனிதரை நினைவில் வைப்பதற்கான வரி கிடையாது.

இதே கண்டிச் சீமையில், அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், வழக்கம் வேறாக இருந்தது. கண்டியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல் கட்டப்பட்டது. கருங்கல் தூண்களும் முகப்பும் தென்னிந்தியக் கோயிலொன்றை அப்படியே நினைவூட்டும். அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது. அதே காலத்து லங்காதிலக விகாரையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டிய தேவேந்திர மூலாச்சாரியின் பெயரை வழிகாட்டிகள் இன்றும் தவறாமல் சொல்கிறார்கள். கட்டியவனின் பெயரைச் சொல்வது கண்டியின் பழைய மரபு. அந்த மரபைத் தேயிலை மலைக்கும் நீட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

எல்லவுக்குப் போகும் ரயிலையும் பாருங்கள். உலகத்தின் அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்று அதைப் புகழ்கிறார்கள், புகழட்டும். கண்டிக்கு 1867இல் ரயில் வந்ததே கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். தோட்டத்துரைமார் 1854இல் கண்டியில் சங்கம் அமைத்து அதற்காகக் குரல் கொடுத்தார்கள். அதே மலைநாட்டுப் பாதையில் இன்னொரு பயணமும் நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவதென்றும் கணக்குப் போட்டது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. பிளாட்பாரத்தில் நின்றவர்களும் ஜன்னலில் தொங்கியவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் வந்த பெயர் அது. பச்சை மலையைப் படம் பிடித்துக்கொண்டு போகும் பயணி இதையும் அறிந்தால், அவருடைய பயணம் கெட்டுப்போகாது. தான் கடந்துபோகும் இடம் எது என்பது அவருக்கு விளங்கும்.

கண்டி பௌத்தர்களின் புனித நகரம், அதன் கதைக்குள் வேறொன்றைக் கலக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புனிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கண்டியின் பௌத்தம் இன்றைய வடிவம் பெற்ற காலத்தில் அரியணையில் இருந்தவர் மதுரை நாயக்கர் உறவில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதா என்னும் துறவுச் சடங்கைப் புதுப்பித்ததும், எசல பெரஹராவில் தந்த தாதுவுக்கு முதலிடம் தந்ததும் அவர் ஆட்சியில்தான். தலதா மாளிகையைச் சுற்றி நாத, விஷ்ணு, பத்தினி, கதிர்காமத் தேவாலயங்கள் இருக்கின்றன. பலரும் சேர்ந்து உருவாக்கிய நகரம், அதில் இன்னும் ஒரு பங்காளியின் பெயரைச் சொல்வதால் அதன் புனிதம் குறையாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மலையகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாட்கூலிக்கும் காணியுரிமைக்கும் இன்னும் போராடும் சனத்துக்கு அருங்காட்சியகம் எதற்கு, அவர்கள் குடியிருக்கும் லயத்தை வேடிக்கை பார்க்க ஆள் கூட்டிவரப் போகிறீர்களா என்ற கேள்வி நியாயமானது. லயத்துக்குள் கேமராவோடு நுழைவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் கூடை சுமந்த பெண் ஏற்கெனவே காட்சிப்பொருளாக்கப்பட்டுவிட்டாள். தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அவள் முகம் இருக்கிறது, வரலாறு இல்லை. வரலாறு தெரிந்தவர் அவளிடம் சிரித்த முகத்தை மட்டும் எதிர்பார்க்கமாட்டார். உரிமைக் கோரிக்கைக்கும் இதற்கும் பகையில்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் ‘மலையகம் 200’ஐ முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள், முன்னோர் நடந்து மடிந்த பாதையை நினைவுகூர்ந்தபடியேதான் காணியும் சமத்துவமும் கேட்டார்கள்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. கம்பளைப் பக்கத்து ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. ஹந்தானைக்குப் போகும் வாகனங்களை அங்கேயும் அனுப்பச் சுற்றுலா முகவர்களால் முடியும். ஹந்தானையிலேயே ஒரு தளத்தைத் தொழிலாளருக்கு ஒதுக்கலாம். லூல்கந்துரவிலும் மஹியாவவிலும் மும்மொழிப் பலகைகள் வைக்கலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நிற்கும் வாகனங்களுக்கு, கோபுரத்தின் உயரத்தோடு, அந்த ஊர் வழியாக மலையேறியவர்களின் கதையையும் சொல்லலாம். வழிகாட்டிகளுக்கு உரிமம் தரும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பயிற்சியில் மலையக வரலாற்றை ஒரு பாடமாகச் சேர்க்கட்டும். அந்தப் பயிற்சிக்குத் தெல்தோட்டை, கலஹா, கம்பளைத் தோட்டங்களின் இளைஞர்களையும் யுவதிகளையும் முதலில் அழைக்கட்டும். தோட்டத்தைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசக்கூடியவர்கள். ஆங்கிலமும் சேர்ந்தால் தங்கள் பாட்டன் பாட்டி வெட்டிய பாதையில் நின்று அந்தக் கதையை அவர்களே சொல்வார்கள், அதற்கு உரிய கூலியையும் அவர்களே வாங்குவார்கள்.