அடித்தால் தீருமா?

சென்ற வருஷம் ஓர் அம்மாள் தன் ஏழு வயதுப் பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். "டாக்டர், இவனுக்குப் பேதி நிற்கவே மாட்டேன் என்கிறது. தினமும் நிஜாரைப் பாழாக்கிக்கொண்டு வருகிறான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை! நேற்று அவன் அப்பா விசிறிக் காம்பை எடுத்துவிட்டார்" என்றாள். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அடிவயிற்றில் கல்லுப் போல் ஓர் உருண்டை. பேதியாவது, மண்ணாவது! பையனுக்கு இருந்தது மலச்சிக்கல்.

அம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். விளக்கிச் சொன்னேன். கழிவிலிருந்து நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. மலம் தங்கத் தங்கக் காய்ந்து இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும். ஒரு தடவை வலி கண்ட குழந்தை மறு தடவை அடக்கும். காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து மூலையில் நிற்குமே, முக்குகிறது என்று நினைக்கிறோம். அநேகமாக அது அடக்குகிறது! அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்ச்சியே மழுங்கிப் போகும். அப்புறம் கட்டியைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் குழந்தைக்குத் தெரியாமலே கசியும். அதற்குத்தான் விசிறிக் காம்பு!

பையனைத் தனியே விசாரித்தேன். பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், தண்ணீரும் இல்லையாம். காலையில் வீட்டிலேயே போகலாமே என்றால், ஏழரைக்கு வண்டி வந்துவிடுகிறதாம்.

கூட வந்த பாட்டி, "விளக்கெண்ணெயில் வெற்றிலைக் காம்பைத் தோய்த்து வைத்தால் போகாதா?" என்று கேட்டார். பாட்டியின் அக்கறை புரிகிறது. ஆனால் ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தையின் ஆசனவாயில் எதையேனும் நுழைத்தால் பயம் இரட்டிப்பாகும்.

மலத்தை இளக்கும் மருந்துகள் இருக்கின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள், லாக்டுலோஸ் பாகு இரண்டும் நல்லவை. டாக்டர் சொல்லும் அளவில் முதலில் கட்டியைக் கரைக்க வேண்டும். பிறகு குறைந்தது 2 மாதமாவது தொடர்ந்து, மெள்ள மெள்ளக் குறைக்க வேண்டும். நாலு நாளில் நிறுத்திவிடுவதுதான் தாய்மார்கள் செய்யும் பெரிய தவறு. 'பழகிப் போகுமே' என்று பயப்பட வேண்டாம். இவை பழக்கமாகிவிடும் மருந்துகளல்ல.

சாப்பிட்டதும் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிஷம் உட்கார வையுங்கள். மேனாட்டுக் கக்கூஸானால் பாதத்துக்கு அடியில் முக்காலி போடுங்கள். கொய்யா, பப்பாளி, கீரை, தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். சிறு குழந்தைக்குப் பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். ஆனால் இறுகிப்போன கட்டியைக் கீரை மட்டும் கரைத்துவிடாது.

கைக்குழந்தை விஷயம் வேறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஆறு வாரத்துக்கு மேல் சில நாள் போகாமலிருந்தாலும், மலம் இளகலாக இருந்து பாலும் நன்றாகக் குடித்தால் கவலையில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் மலம் போகாவிட்டாலோ, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1886இல் டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த நோய் அது, ஆபரேஷன்தான் வழி.

நம் பையனுக்கு நிஜார் சுத்தமாக மூன்று மாதம் பிடித்தது. அவன் அப்பா பள்ளிக்கூடம் போய்ப் பேசினார். தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. பையன் தனியாக ஒரு பாட்டில் கொண்டுபோகிறான்.