சல்லடையும் ஸ்டெதாஸ்கோப்பும்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஷிப்டு மேல ஷிப்டு, மன்னிச்சுக்குங்க மக்களே.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு வந்திருந்தா. எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு, தேன்கனிக்கோட்டைக்கு மேல மலைப்பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை. யானை ரோட்டுல நின்னா ஆம்புலன்ஸும் நிக்கும், அப்படிப்பட்ட ஊரு. கூடப் படிச்ச பையன் அமெரிக்காவுல ரெசிடென்சிக்கு விண்ணப்பம் போட்டுட்டு, ஒரு இன்டர்வியூ கூட வரலைன்னு புலம்புறானாம். "எதை வச்சு மாமா கூப்புடறாங்க?"ன்னு கேட்டா.

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனா சலிக்கிறது தெரியும். சிப்காட்ல நான் இருக்கற கம்பெனியில வருஷா வருஷம் டிப்ளமோ பசங்களை டிரெயினியா எடுப்போம். இருபது இடத்துக்கு எண்ணூறு விண்ணப்பம். எக்செல்ல ஃபில்டர் போடறது அடியேன்தான். பத்தாவதுல அறுபது சதவீதத்துக்குக் கீழயா, போ. அரியர் இருந்துச்சா, போ. பாஸ் பண்ணி மூணு வருஷம் ஆச்சா, நீயும் போ. பத்து நிமிஷத்துல அறுநூறு பேர் காலி :-(

அமெரிக்காவுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு இடத்துக்கு ஆயிரக்கணக்குல விண்ணப்பம் வரும். மார்க்கு, விசா வேணுமா, படிச்சு முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, இதுலயே பாதி பேர் கழிஞ்சிடுவாங்க. முதல் கட்டத் தேர்வுக்கு 2022 ஜனவரியில இருந்து மார்க்கு கிடையாது, வெறும் பாஸ், ஃபெயில்தான். மார்க்குப் பைத்தியம் குறையும்னு நெனச்சாங்க. நடந்தது என்னன்னா, அந்தப் பாரம் அப்படியே ரெண்டாவது கட்டத் தேர்வு மேல போய் உக்காந்துடுச்சு. இன்டர்வியூவுக்கு அப்புறம் ரெண்டு தரப்பும் கொடுக்கற வரிசையைப் பொருத்தி இடம் ஒதுக்கற கணக்கு என்னவோ அருமையானது. அந்த ஆராய்ச்சிக்குத்தான் 2012-ல ராத், ஷேப்லி ரெண்டு பேருக்கும் நோபல் கொடுத்தாங்க. ஆனா சல்லடையிலயே விழுந்தவனுக்கு நோபல் கணக்கு எதுக்கு?

நம்மூர்ல இன்டர்வியூவே கிடையாது. நீட் பி.ஜி.யில 200 கேள்வி, 800 மார்க்கு, தப்புக்கு ஒரு மார்க்கு கழிவு. ரேங்க் வந்தா கவுன்சிலிங், அவ்வளவுதான். இது எனக்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். இன்டர்வியூன்னு வச்சா இங்கிலீசும் அப்பா பேரும்தான் பேசும். கிருஷ்ணகிரி மாவட்டத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு மொழியில நோயாளிகிட்ட பேசத் தெரிஞ்சவளை அங்க யாரு கேப்பாங்க?

ஆனா 200 கேள்வியும் அதைக் கேக்கலையே! ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவம் பார்த்தவளும், ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல உக்காந்து கோச்சிங் படிச்சவனும் ஒரே பேப்பர்தான் எழுதணும்.

அதனாலதான் அரசு டாக்டர்களுக்குத் தமிழ்நாடு கொடுக்கற 50 சதவீத ஒதுக்கீட்டை நான் ஆதரிக்கறேன். 2017-ல இது கோர்ட்டுல சிக்கி, டாக்டருங்க தெருவுக்கு வந்து போராடுனது ஞாபகம் இருக்கும். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எட்டாத ஊர்ல வேலை பார்த்தா வருஷத்துக்கு 10 சதவீதம் வீதம், வாங்குன மார்க்குல 30 சதவீதம் வரைக்கும் ஊக்க மார்க்கு கொடுக்கலாம்னு மருத்துவக் கவுன்சில் விதியும் வச்சிருந்தது. 400 வாங்குனவ மூணு வருஷத்துல 520. தகுதி போச்சுன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க, வாங்க. நாடு முழுக்க சீட்டு காலியா கிடக்குதுன்னு 2023 செப்டம்பர்ல கட் ஆஃபை பூஜ்யம் பர்சன்டைலுக்கு இறக்குனப்போ அந்தத் தகுதி எங்க போச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.

ஒரு சிக்கல் இருக்கு. எந்த ஊரு எட்டாத ஊருன்னு யாரோ ஆபீஸ்ல உக்காந்து பட்டியல் போடணும். மேப்புல பார்த்தா தேன்கனிக்கோட்டை பெங்களூருக்குப் பக்கம்தான். மழை நாள்ல மலை மேல போய்ப் பார்க்கணும். அதுவும் ஒரு சல்லடைதானே, கண்ணு பெருசு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த அறுநூறு பேரை எப்பவாவது திரும்ப எடுத்துப் பார்த்தீங்களா மாமா?"ன்னா. இல்லைன்னேன். திங்கக்கிழமை காலையில அஞ்சரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. நான் ஆபீஸ் போய் இந்த வருஷ ஃபைலைத் திறந்து, பாஸ் பண்ண வருஷத்துக்குப் போட்டிருந்த ஃபில்டரை மட்டும் எடுத்தேன். தொண்ணூத்தி ஏழு பேர் திரும்ப வந்திருக்காங்க. மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை.