போணி ஆகட்டும் என்று சொல்லும் முன்



காலையில் கடை திறந்து, படி கழுவி, சாமி படத்திற்குப் பூ வைத்துக் கல்லாவில் உட்காருகிறோம். முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் ஒரு கை நீள்கிறது. "இன்னும் போணி ஆகலை, அப்புறம் வா" என்கிறோம். வெள்ளிக்கிழமை என்றால் சில்லறைத் தட்டை எடுத்து வைக்கிறோம். இரண்டுமே பழக்கத்தில் நடக்கிற காரியம். மனசு மட்டும் சமாதானம் ஆவதில்லை. கொடுத்தால் குடித்துவிடுவானோ என்று ஒரு எண்ணம். கொடுக்காவிட்டால் பாவமோ என்று இன்னொரு எண்ணம்.

சென்ற ஐப்பசி மழையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடைக்கு எதிரே மூடிக் கிடக்கும் கடையின் படியில் ஒரு பெரியவர் இரவில் படுத்திருப்பார். ஒரு நாள் காலை என் கடைக்கு வந்து ஏதோ கேட்க வாயெடுத்தார். வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டேன். போய்விட்டார். மத்தியானம் கடைப் பையன் சொன்னான்: "அண்ணாச்சி, அவரு காசு கேக்க வரலை. கீழே விரிக்க ஒரு பழைய சாக்குதான் வேணுமாம்." உள்ளே நாற்பது வெறுஞ்சாக்கு கட்டிக் கிடந்தது. இரவு இரண்டை எடுத்துக்கொண்டு போனேன். படி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சரக்கு வாங்க வருபவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்காமல் நாம் பொட்டலம் மடிப்பதில்லை. அவரிடம் மட்டும் அதைக் கேட்காமல் விட்டேன்.

"கொடுத்துப் பழக்கினால் நாளைக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். நியாயமான பயம்தான். வாசலில் கூட்டம் நின்றால் வாடிக்கையாளர் ஒதுங்கிப் போவார். வந்தவர் நிஜமாகவே கஷ்டப்படுகிறவரா, ஏமாற்றுகிறவரா என்று கல்லாவில் இருந்தபடி எடைபோடவும் முடியாது. ஆகவே கடைக்கு ஒரு வழக்கத்தை நாமே முன்கூட்டி முடிவு செய்துகொள்வது நல்லது. காசு கொடுப்பதில்லை என்றால் யாருக்கும் இல்லை. ஆனால் குடிக்கத் தண்ணீர், ஒரு பன், வாழைப்பழம், பழைய சாக்கு எப்போதும் உண்டு. கடைப் பையனுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். இல்லை என்பதையும் மரியாதையாகச் சொல்லலாம், அதற்குச் செலவில்லை.

பிச்சையைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1945லேயே வந்தது. ஆனால் தெருக்களில் பிச்சை எடுப்பதைத் தடை செய்யக் கேட்ட மனுவில், இது சமூகப் பொருளாதாரப் பிரச்சினை, அப்படி உத்தரவிட முடியாது என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரு நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் இரவு பகலாக இயங்கும் தங்குமிடம் வேண்டும் என்று 2010ல் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். நம் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆதரவற்ற முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, மயங்கிக் கிடந்தால் 108. மனநலம் குன்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது போலீசாரின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. விரட்டுவதற்குப் பதில் நாம் செய்ய வேண்டியது ஒரு போன்.

வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்கு அரிசி அனுப்பும் வியாபாரிகள் நம்மிடையே உண்டு. மகமை எடுத்துத் தர்மம் செய்வது நமக்குப் புதிதும் அல்ல. அந்த மகமையில் ஒரு பங்கை ஒதுக்கி, நம் கடைத்தெருப் படிகளில் படுப்பவர்களுக்கு மழைக்கு முன்பே போர்வையும் தார்ப்பாயும் வாங்கித் தர அடுத்த பொதுக்குழுவில் சங்கம் தீர்மானிக்க வேண்டும். மேலே சொன்ன எண்களையும் தங்குமிட முகவரியையும் அட்டையில் அச்சிட்டுக் கடைதோறும் தரலாம்.

என் பங்குக்கு அந்த நாற்பது சாக்கையும் விற்காமல் வைத்திருக்கிறேன்.

– ஒரு மளிகைக் கடைக்காரர்